விஞ்சை சொன்ன தகப்பன்

அய்யா உண்டு.



இந்த மாதப் பாடத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் தகப்பன். தாயைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம்; பேசத்தான் வேண்டும். நோயில் கிடந்த மகனைத் திருச்செந்தூர் கடற்கரைக்குக் கொண்டு சேர்த்த வெயிலாள் அம்மையின் கதையை ஏடு வாசிப்பில் கேட்கும்போது கண் கலங்காதவர் நம்மில் குறைவு. தகப்பனைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் அது சம்பளத்தோடு நின்றுவிடுகிறது. எத்தனை வாங்குகிறார், ஓ.டி. கிடைக்கிறதா, ஆன்ரோலா காண்ட்ராக்டா என்பதோடு சரி. ஓசூர் சிப்காட்டைச் சுற்றிக் குடியிருக்கும் நம் வீடுகளில் இந்தக் குறை கொஞ்சம் அதிகமாகவே உண்டு. மூன்று ஷிப்ட் மாறி மாறிப் போகும் மனுஷனைப் பிள்ளைகள் தூங்குகிற நிலையில்தான் பார்க்கிறார்கள். அவர் விழித்திருக்கிறபோது பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

நாம் இங்கே வந்த வழியை முதலில் நினைத்துப் பார்ப்போம். கன்னியாகுமரியையும் ஓசூரையும் ஒரே சாலைதான் இணைக்கிறது. 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை குமரியிலிருந்து மதுரை, சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று ஏறி வந்து, நம் வாசலைத் தொட்டுக்கொண்டு ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளிக்குள் போகிறது. 600 கிலோமீட்டருக்கு மேல். கடலோரத்துப் பனங்காட்டில் பிறந்தவர்கள் இந்தக் குளிரும் கல்லும் உள்ள ஊருக்கு வந்து, கியர் பெட்டியும் கைக்கடிகாரமும் வண்டிப் பாகமும் செய்கிறோம். மாசி 20-ஆம் நாள் குமரி, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் உள்ளூர் விடுமுறை. நாகர்கோவிலிலிருந்து சுவாமித்தோப்புக்கு ஊர்வலம் போகும். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு அந்த விடுமுறை கிடையாது. அவதாரத் தினத்தன்று லீவு கேட்டால், “அது என்ன பண்டிகை?” என்று சூப்பர்வைசர் கேட்பார். அவர் தெரியாமல் கேட்கிறார், அவர்மேல் வருத்தமில்லை. அதே கேள்வியை நம் வீட்டுப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வோம் என்பதுதான் இந்தப் பாடத்துக்குள் இருக்கும் பயம்.

இனி ஏட்டுக்குள் போவோம்.

முதலில் அந்த அழைப்புச் சொல்லையே பாருங்கள். நாம் வைகுண்டரை ‘அய்யா’ என்கிறோம். தென்பக்கத்தில் பல வீடுகளில் பெற்ற தகப்பனைக் கூப்பிடும் சொல்லும் அதுதான். ‘சாமி’ என்றோ ‘பகவான்’ என்றோ நம் முன்னோர் கூப்பிட்டிருக்கலாம். அந்தச் சொற்களும் ஏட்டில் உண்டு. ஆனாலும் வாயில் நின்றது ‘அய்யா’. அவர் நம்மை என்ன சொல்லி அழைத்தார்? ‘அன்புக்கொடி மக்கள்’ என்று. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது இன்னும் நெருக்கமாகப் புரியும். அங்கே ஒரு தகப்பன் தன் ஒற்றை மகனைக்கூட ‘மக்களே’ என்றுதான் கூப்பிடுவார். கோபம் என்றால் பெயரைச் சொல்லுவார், பாசம் என்றால் ‘மக்களே’ என்பார். ஆகவே தகப்பனும் பிள்ளையும் என்ற உறவை நாம் வெளியிலிருந்து எடுத்து வந்து இந்த வழியில் ஒட்டவில்லை. வழியின் வாசலிலேயே அது இருக்கிறது.

அய்யாவின் பூவுலகத் தகப்பனார் பொன்னு நாடார். அவரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. ஆனால் அவர் சம்பந்தப்பட்ட ஒரு நிகழ்ச்சியை நம் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். 1809-இல் பிள்ளை பிறந்தபோது தாயும் தகப்பனும் வைத்த பெயர் ‘முடிசூடும் பெருமாள்’. பனையேறிப் பிழைக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு முடியும் பெருமாளும் சேர்ந்த பெயரா என்று மேல்சாதியார் பொறுக்கவில்லை. எதிர்ப்பு வந்தது. பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. முத்துக்குட்டி என்று ஆனது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு தகப்பன் தன் பிள்ளைக்குக் கொடுக்கும் முதல் சொத்து பெயர். அதற்குக் காசு வேண்டாம், நிலம் வேண்டாம். அந்தச் சொத்தையும் கொடுக்க விடாத காலம் அது. திருவிதாங்கூர் ராச்சியத்தில் பனைக்கு வரி, பனையேறும் ஏணிக்கும் தளைக்கும்கூட வரி, கூலியில்லாத ஊழிய வேலை வேறு. ஆண் தலைப்பாகை கட்டக் கூடாது, பெண் இடுப்பில் குடம் வைக்கக் கூடாது, தோளில் சேலை போடக் கூடாது. அதிகாரி வரும்போது தகப்பன் கூனிக் குறுகி ஒதுங்கி நிற்பதைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டுக்குள் வந்து அந்தத் தகப்பன் என்ன நல்வாக்கு சொன்னாலும், வெளியே கண்ட காட்சியைப் பிள்ளை மறக்குமா? பொன்னு நாடாரும் அப்படிப்பட்ட காலத்துத் தகப்பன்தான். பெயரை இழந்தார். ஆனால் பிள்ளையை அந்தப் பெயருக்குத் தகுதியானவன் என்று ஒருதரம் நினைத்துவிட்டார் அல்லவா, அந்த நினைப்பை யாரும் திரும்ப வாங்க முடியவில்லை. எந்தத் தலைக்கு முடி ஆகாது என்றார்களோ, அந்தத் தலையிலிருந்துதான் பிற்பாடு எல்லா ஆண்களும் தலைப்பாகை கட்டிப் பணிவிடைக்கு வாருங்கள் என்ற கட்டளை பிறந்தது.

ஆகவே தாங்கலில் தலைப்பாகை கட்டுவதை வெறும் சடங்காக நினைக்காதீர்கள். அது நம் தகப்பன்மாருக்கு அய்யா திருப்பிக் கொடுத்த மரியாதை. பிள்ளைகள் முன்னால் நிமிர்ந்து நிற்கக் கொடுத்த அனுமதி. பகலெல்லாம் கம்பெனி கொடுத்த ஹெல்மெட்டோ தொப்பியோ நம் தலையில் இருக்கிறது. அதன் நிறத்தைப் பார்த்து இவன் பெர்மனெண்ட், இவன் காண்ட்ராக்ட் என்று பிரித்துவிடும் இடங்களும் உண்டு. தலைப்பாகைக்கு அந்தப் பிரிவு கிடையாது.

அடுத்தது விஞ்சை. பாடத்தின் நடு இதுதான்.

கொல்லம் 1008-ஆம் ஆண்டு மாசி மாதம், அதாவது 1833-இல், முத்துக்குட்டி திருச்செந்தூர் கடலுக்குள் இறங்குகிறார். கரையில் நின்றவர்கள் போய்விட்டார் என்றே நினைத்தார்கள். மாசி 20-ஆம் நாள் வைகுண்டராக வெளிவருகிறார். இடையில் கடலுக்குள் நடந்தது என்ன? தகப்பனாகிய நாராயணர் மகனுக்கு விஞ்சை கொடுக்கிறார். இதை நாம் ‘உபதேசம்’ என்று சுருக்கிவிடுகிறோம். வாசித்துப் பார்த்தால் அது ஒரு தகப்பன் வெளியூர் போகும் மகனை வாசலில் நிறுத்திப் பேசுகிற பேச்சு. மகனே, மகனே என்று வார்த்தைக்கு வார்த்தை விழுகிறது. இன்ன இடத்துக்குப் போ, இத்தனை வருஷம் தவசு இரு, இன்னின்னதை வாங்காதே, உன்னை அடிப்பார்கள், ஏசுவார்கள், பொறுத்துக்கொள், நான் உன்கூட இருக்கிறேன் என்ற தோரணையில் போகிறது.

அந்தத் தகப்பன் என்ன கொடுக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சேனையும் ஆயுதமும் கொடுக்கவில்லை, பொன்னும் பொருளும் கொடுக்கவில்லை. காணிக்கையும் கைக்கூலியும் வாங்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை வேறு கூட்டிவிட்டார். கடைசியில் மகன் கையில் இருப்பது பொறுமையும் தருமமும் மட்டும். அதை வைத்துக்கொண்டுதான் அவர் ஆறு வருஷத் தவசும், திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறையும் கடந்தார்.

இன்னொன்று. விஞ்சை ஒரு தடவையோடு முடியவில்லை. திருச்செந்தூரில் முதல் விஞ்சை. பிறகு முட்டப்பதிக் கடலில் இரண்டு முறை. பரம்பொருளே மகனுக்கு மூன்று தடவை சொல்லியிருக்கிறார். நாமோ பிள்ளைக்கு ஒருதரம் சொல்லிவிட்டு, “நூறு தடவை சொல்லியாச்சு, கேட்க மாட்டேங்கிறான்” என்கிறோம். நூறு தடவை திட்டியிருப்போம். சொன்னது ஒரு தடவைகூட இருக்காது.

தவசின் விவரத்திலும் தகப்பன்மாருக்கு ஒரு சேதி இருக்கிறது. ஆறு வருஷத்தை இரண்டிரண்டாகப் பிரித்து, முதல் தவசு கலியுகத்தை முடிக்க, இரண்டாவது சான்றோர் மக்களுக்காக, மூன்றாவது பெண்களுக்காகவும் முன்னோருக்காகவும் என்று ஏடு கூறுகிறது. பெண்களும் முன்னோரும் ஒரே தவசில் வருகிறார்கள். தகப்பனை மதிக்க வேண்டும் என்று எழுதினால் உடனே மீசையைத் தடவிக்கொள்கிற சிலர் நம்மிலும் உண்டு, அவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். வீட்டுப் பெண்ணை அழவைத்துவிட்டு முன்னோர் வழி நடக்கிறேன் என்பவர் மூன்றாம் தவசைப் பாதியாக வெட்டிவிட்டார். காவல் வேறு, அதிகாரம் வேறு. தாழ்ந்து கிடப்பவரைத் தாங்கிக் காப்பதையே தருமம் என்று அய்யா வைத்தார். வீட்டுக்குள் யார் தாழ்ந்து கிடக்கிறார்கள் என்று பார்க்க வேண்டிய முதல் ஆள் தகப்பன்.

இங்கே ஒரு கேள்வி எழும். “நான் ஊரிலேயே இல்லை, பெங்களூருக்குப் போய் வருகிறேன், ராத்திரி ஷிப்ட், பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருக்க முடியவில்லை, நான் என்ன காவல்?” என்று. இதற்கும் அகிலத்திரட்டு வழி காட்டுகிறது. சான்றோர் மக்கள் ஏழு கன்னியருக்கும் திருமாலுக்கும் பிறந்தவர்கள் என்பது நமக்குத் தெரியும். பிறந்தபின் அந்தப் பிள்ளைகள் தகப்பன் மடியில் வளரவில்லை. கன்னியர் தவத்துக்குப் போனார்கள். பிள்ளைகளைப் பத்திரகாளியிடம் ஒப்படைத்துவிட்டுத் திருமால் விலகி நிற்க வேண்டிவந்தது. அந்தப் பிள்ளைகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. மண் சுமக்கும் கூடையைத் தொட மாட்டோம் என்று மறுத்ததற்காக இரண்டு பேர் உயிரையே கொடுத்தார்கள். பின் வந்த சந்ததி கலியின் கையில் அகப்பட்டது. தகப்பன் என்ன செய்தார்? மறக்கவில்லை. பிள்ளைகள் படும் துயரம் தாங்காமல், அவர்களைத் தேடித் தானே வைகுண்டமாக வந்தார். திருக்கல்யாணத்தில் அந்தக் கன்னியரையும் மீட்டு, தாயும் தகப்பனும் பிள்ளைகளும் மறுபடி ஒன்றாகிறார்கள். திருஏடு வாசிப்பில் அந்தத் திருக்கல்யாண நாளுக்குக் கூட்டம் நெரிவதற்குக் காரணம் சாப்பாடு மட்டுமல்ல.

நம் ஏட்டின் கதையே பிள்ளையைப் பிரிந்த ஒரு தகப்பன் திரும்பி வருகிற கதைதான். ஆகவே தூரத்தில் இருப்பதாலேயே ஒருவர் தகப்பன் என்ற தகுதியை இழந்துவிட மாட்டார். திரும்பி வராவிட்டால்தான் இழப்பார்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் தகப்பனார் மூலம் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை முடிக்க மனம் வரவில்லை.

அப்பா சுவாமித்தோப்புக்குப் பக்கத்து ஊர். பனையேறியவர். எழுத்து தெரியாது. ஆனால் ஏட்டில் பாதிக்கு மேல் காதால் கேட்டே மனப்பாடம். வாசிப்பவர் ஒரு சொல்லை மாற்றி வாசித்தால், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் தொண்டையைச் செருமுவார். அம்மா போனபிறகு அவரை ஓசூருக்கு அழைத்து வந்தேன். ஒற்றை அறையும் சமையல் இடமும் உள்ள லைன் வீடு. வந்த மறுநாளே ஒரு மூலையைக் கழுவி, ஸ்டூல் போட்டு, கண்ணாடி வைத்து, விளக்கு வைத்துவிட்டார். ஊரிலிருந்து கொண்டுவந்த திருமண் ஒரு பிஸ்கட் டப்பாவில். விடியுமுன் எழுந்து உகப்படிப்பு. நான் நைட் ஷிப்ட் முடிந்து வந்து கண்ணை மூடுகிற நேரமும், அவர் அன்றைக்கு நேரம் தப்பியதற்காக இரண்டாம் முறை சொல்லிக்கொள்கிற நேரமும் சில நாள் ஒன்றாகிவிடும். “அப்பா, கொஞ்சம் மெதுவா” என்று எரிந்து விழுந்திருக்கிறேன். அவர் உதட்டை மட்டும் அசைத்து முடித்துவிடுவார்.

எங்கள் துணியையெல்லாம் அவர்தான் துவைப்பார். மருமகள் எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை. வாகைப்பதியில் எழுநூறு குடும்பம் கடலோரத்தில் தங்கி, துணி துவைத்து, குளித்து, கடல்நீரில் பச்சரிசியும் சிறுபயறும் வேகவைத்து ஒருபொழுது உண்டு துவையல் தவசு இருந்ததை அவர் ஏதோ போன வாரம் நடந்ததுபோலச் சொல்லுவார். “ஆம்பளைங்க தனியாப் போய்த் தவம் இருக்கலெ, பொண்டாட்டி புள்ளையளோட போனாவ” என்பார். எனக்கு அப்போது அதன் அர்த்தம் உறைக்கவில்லை.

2008-ஆம் ஆண்டின் கடைசியில் உலகமெங்கும் வியாபாரம் படுத்தது. லாரி விற்பனை குறைந்தது. பாகம் செய்கிற சின்னச் சின்னக் கம்பெனிகளில் முதலில் நின்றது காண்ட்ராக்ட் ஆட்கள். நானும் நின்றேன். வீட்டில் சொல்ல வெட்கம். தினமும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, சந்திரசூடேசுவரர் மலையடிவாரத்தில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு வருவேன். ஏழு மணிக்கு வந்தவன் ஒன்பது, பத்து, பதினொன்று என்று ஆனேன். மனைவி கேட்டால் ஓ.டி. என்பேன்.

எந்த நேரம் வந்தாலும் அப்பா வாசற்படியில் இருப்பார். ஓசூர் குளிர் உங்களுக்குத் தெரியும், அதுவும் மார்கழி. பழைய துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்விடுவார். ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அது திட்டுவதைவிடப் பெரிய தொந்தரவாக இருந்தது. ஒருநாள் நானே கத்தினேன். “ஏன் இப்படிக் காவல் காக்கிறீங்க? நான் என்ன சின்னப் பிள்ளையா?”

அவர் சொன்னது இவ்வளவுதான். “மக்களே, உன் சட்டையில ரெண்டு வாரமா எண்ணெய் வாடையே இல்லியே. சோறு ஆறிப்போச்சு, வந்து தின்னு.”

துவைக்கிறவருக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு வாரமும் தெரிந்துகொண்டே வாசலில் இருந்திருக்கிறார். மருமகளிடமும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்தபின், “நாளைக்கு வேல தேடப் போறதுக்கு முன்னால குளிச்சிட்டு, நாமம் போட்டு, ஒருக்கா வந்து இரி” என்றார். போய் உட்கார்ந்தேன். அன்றே குடியை விட்டேன் என்று எழுதினால் அது பொய். விட நாளாயிற்று. இரண்டு தடவை வழுக்கினேன். இரண்டு தடவையும் வாசலில் தலைப்பாகை இருந்தது. முட்டப்பதியை நினைத்துக்கொள்ளுங்கள், தகப்பன் மறுபடியும் மறுபடியும் சொல்லும் இடம் அது.

சில வருஷம் கழித்து அவர் காலமானார். ஊர் மண்ணில் வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். இதே 44-ஆம் எண் சாலையில் ராத்திரி முழுக்கக் கொண்டுபோனோம். நம் முறைப்படி உட்கார்ந்த நிலையில், வடக்கு முகமாக, நெற்றியில் நாமத்தோடு வைத்தோம். வடக்கே பார்த்தபடி இருக்கிறார். ஓசூரும் வடக்கேதான் என்று என் மனைவி சொன்னாள்.

என் கதை போதும். பாடத்துக்குத் திரும்புகிறேன்.

தகப்பன் காக்க வேண்டியதில் இப்போது நம் கண்முன்னே கைநழுவிக்கொண்டிருப்பது ஒன்று உண்டு. அது வாசிப்பு. அகிலத்திரட்டு அம்மானை தாமரைகுளத்து அரிகோபாலன் சீடர் கையால் எழுதப்பட்டது 1841-இல். அச்சில் வந்தது 1939-இல். நடுவில் 98 வருஷம். அத்தனை காலமும் அது ஓலையில் பார்த்து எழுதப்பட்டும், வாயால் வாசிக்கப்பட்டும், காதால் கேட்கப்பட்டும் வந்தது. பள்ளிக்கூடம் பக்கம் போக விடாத காலத்தில் நம் முன்னோர் ஒரு பெரிய நூலைச் சிதையாமல் பேரன் கை வரை கொண்டுவந்து சேர்த்தார்கள். இன்று புத்தகம் மலிவு. போனில்கூட இருக்கிறது. ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலும் சந்தாபுரத்திலும் படிக்கிற நம் பிள்ளைகளுக்குக் கன்னட எழுத்து ஓடுகிறது, இங்கிலீஷ் ஓடுகிறது, தமிழில் கடைப் பலகையைக்கூட எழுத்துக்கூட்டுகிறார்கள். கன்னடம் படிப்பது குற்றமில்லை. முந்திரிக் கிணற்றில் பதினெட்டுச் சாதியும் ஒன்றாக நீர் எடுக்கச் சொன்னவர் வழியில் வந்த நாம் எந்த மொழிக்காரரையும் வேறாக நினைக்கக் கூடாது. ஆனால் ஏட்டை வாசிக்க முடியாத பிள்ளை அதைக் கேட்டாவது வளர வேண்டும். என் அப்பாவுக்கு எழுத்து தெரியாது, காது இருந்தது. நம் பிள்ளைகளுக்கு எழுத்தும் போய்க் காதும் போனால் அடுத்த தலைமுறைக்கு யார் சொல்வது?

இதற்குத் தாங்கல் பணிவிடைக்காரர்களையே எதிர்பார்த்துப் பயனில்லை. அவர்களும் ஷிப்ட் போகிறவர்கள்தான். தகப்பன்மார் செய்யக்கூடியது சின்னது. ஞாயிறு வேலையில்லாத நாளில் விளக்கு ஏற்றி, தலைப்பாகை கட்டி, பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு பக்கம் வாசியுங்கள். ஒரு பக்கம் போதும். பத்துப் பக்கம் என்று ஆரம்பித்து மூன்றாம் வாரம் நிறுத்திய வீடுகளை எனக்குத் தெரியும், என் வீடு உட்பட. வாசிக்கும்போது போனை வேறு அறையில் வையுங்கள். பொருள் தெரியாத சொல் வந்தால் தெரியாது என்று சொல்லுங்கள். ஊரில் இருக்கும் பெரியவருக்குப் போன் போட்டுப் பிள்ளை முன்னாலேயே கேளுங்கள். தகப்பனுக்கும் ஒரு தகப்பன் உண்டு என்று பிள்ளை அப்போது பார்க்கும். ஊரில் அப்பா தனியாக இருப்பவர்கள் வாரம் ஒருமுறையாவது கூப்பிட்டு, பணம் வந்ததா என்று கேட்பதோடு நிறுத்தாமல், அவர் சின்ன வயதில் தாங்கலில் கேட்ட ஏதாவது ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள்.

தகப்பன் இல்லாத வீடுகளும் நம் நடுவில் உண்டு. விபத்தில் போனவர்கள், குடியில் போனவர்கள், விட்டுவிட்டுப் போனவர்கள். அந்த வீட்டுத் தாய்மார் இந்தப் பாடத்தைக் கேட்டு மனம் நோகக் கூடாது. வெயிலாள் அம்மை மகனைக் கடற்கரைக்குக் கொண்டுபோனபோது அவர் செய்தது காவல்தான். அந்தப் பிள்ளைகளுக்கு விஞ்சையில் வரும் தகப்பனே தகப்பன். தாங்கலுக்கு வரும் மற்ற ஆண்கள் அந்தப் பிள்ளைகளுக்குத் தலைப்பாகை கட்டிவிடுங்கள். சும்மா தலையைத் தடவிவிட்டுப் போகாமல், கட்டிவிடுங்கள்.

இந்த மாதம் வீட்டில் வாசிக்க வேண்டிய பகுதி திருச்செந்தூர் விஞ்சை. போன ஞாயிறு நாங்கள் தொடங்கினோம். என் மகனுக்கு இப்போது பதின்மூன்று வயது, எல்லைக்கு அந்தப் பக்கம் படித்தவன். தாத்தாவின் துண்டைத் தலையில் கட்டிவிட்டேன். பெரிதாக இருந்தது, கண்வரை இறங்கியது. ஒரு வரியை அவன் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் விளக்கில் எண்ணெய் இரண்டு தடவை ஊற்றியாயிற்று. பாதியில் நிறுத்தி, “இதுல எத்தன தடவை ‘மகனே’ன்னு வருது?” என்று கேட்டான். எண்ணிப் பார் என்றேன். பென்சில் எடுத்து ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தான். பக்கத்தின் ஓரம் தீர்ந்துவிட்டது. மீதியை இந்த ஞாயிறு எண்ணுவதாகச் சொல்லி அந்த இடத்தில் துண்டின் நூலை அடையாளம் வைத்திருக்கிறான்.

அய்யா உண்டு.